பிணை நிற்க வந்தவள்

மருதமுனை
01.07.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு ஒரு வரியும் எழுதாதவன் இன்று எழுதுகிறேன். ஆணும் ஆணும் கூடுவதைத் தண்டிக்கும் சட்டம் நீங்க வேண்டும் என்று நீங்கள் சஞ்சிகையில் எழுதினீர்கள். அதற்கு மறுப்பெழுதி எங்கள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டியவன் நான். அந்த மறுப்பின் ஓர் எழுத்தையும் இன்றுவரை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் நம் குடும்பத்தில் சட்டம் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். தொலைபேசியில் கதைத்தால் வீட்டில் ஜெஸீமாவின் காதில் விழும். ஆகவே இதை முச்சக்கர வண்டிக்காரப் பர்ஸானிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் வாய் திறக்காதவன்.

விஷயம் என் மகன் ஹாதிக்கைப் பற்றியது. விடுமுறையில் கொழும்பிலிருந்து வந்த பிள்ளையைக் கல்முனையில் ஒரு விடுதி அறையில் வைத்துப் பொலிஸார் பிடித்துவிட்டார்கள். அவனோடு அந்த அறையில் இருந்தவன் காரைதீவைச் சேர்ந்த கிசோக். யாரோ பொலிஸுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அதே 365அ பிரிவுதான். நீதவான் பிணை தந்தார். தன் பெயரில் வீடோ காணியோ உள்ள ஒருவர் ஒவ்வொருவருக்காகவும் வந்து கையொப்பமிட வேண்டும் என்றார். நான் போகவில்லை. போயிருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே பன்னிரண்டாந் திகதி வரை இருவரும் விளக்கமறியலில் இருக்கிறார்கள். ஊரைப் பொறுத்தவரை அவன் கொழும்புக்குத் திரும்பிப் போய்ப் பயிற்சியில் இருக்கிறான். பெற்றவள் ஜெஸீமாவைப் பொறுத்தவரையும் அப்படியே.

உங்கள் ஊர் றுமானாவை அவனுக்குப் பேசி முடித்திருப்பது நீங்கள் அறிந்ததே. பெண் வீட்டார் கட்டும் வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். இவ்வூரில் நாச்சியா என்று ஒரு பெண் இருக்கிறாள். சுனாமிக்குப் பின்னர் பொலிஸில் பிடிபட்டு நீதிமன்றத்தில் தண்டம் கட்டியவள். நான் தலைமை வகிக்கும் பள்ளிவாசல் சபை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அவளை விலக்கி வைத்தது. அன்று ஹாதிக் தன்னிடம் வந்ததாகவும், மற்றவன் வெறுமனே துணைக்கு வந்தவன் என்றும், பொலிஸ் வருமுன் தான் வெளியேறிவிட்டதாகவும் அவள் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும். அதுவும் பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்பிள்ளை விஷயத்தில் ஊர் அதை ஒரு மாதம் கதைத்துவிட்டு மறந்துவிடும். மற்றதை எந்தக் காலத்திலும் மறக்காது.

வாக்குமூலத்தை நீங்கள் எழுதித் தர வேண்டும். அவளோடு கதைப்பதும் உங்களால் ஆகும், பெண்ணோடு பெண்.

உங்கள் தம்பி,
மீராசாஹிபு

*

சாய்ந்தமருது
03.07.2024

தம்பி மீராசாஹிபு,

வஅலைக்கும் ஸலாம்.

பர்ஸான் உன் கடிதத்தை நீட்டியபோது யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். நீ எனக்கு எழுதுவதற்கு அதைவிடச் சிறிய காரணம் இருக்க முடியாது. படித்து முடித்த பின்புதான் மௌத்தானது உன் புத்தி என்று விளங்கிற்று.

நீ கேட்பதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு: பொய்ச்சாட்சியம் புனைதல். ஓய்வு பெற்றுவிட்டாலும் சட்டத்தரணிகள் பதிவேட்டில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அதை இந்த வயதில் உனக்காக அழுக்காக்க எனக்கு விருப்பமில்லை.

நீ கட்டிய கதையில் ஓட்டை எங்கே என்று பார்த்தாயா? நாச்சியா வருகிறாள், போகிறாள். ஹாதிக் ஆண்பிள்ளையாகி வெளியே வருகிறான். கிசோக் எங்கே போகிறான்? அவனுக்கு நாச்சியாவும் இல்லை, தகப்பனும் இல்லை. வழக்குப் புத்தகத்தில் அவன் தனியாக மிஞ்சுவான். நாளை பொலிஸ்காரன் அவனிடம், 'உன் கூட்டாளியே உன்னைக் கைவிட்டுவிட்டான்' என்று சொல்லி எதில் வேண்டுமானாலும் கையொப்பம் வாங்குவான். அப்போது உன் மகனும் சேர்ந்தே விழுவான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவனுக்கு ஒரு வாய்க்காலை அடைத்தால் நீர் எங்கே பாயும் என்று நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு வருவதையும் கேள். இந்நாட்டில் விபசாரம் தன்னளவில் குற்றமல்ல. ஆனால் தெருவில் நின்றால் பிடிப்பதற்கு 1841இலும், விடுதி வைத்தால் பிடிப்பதற்கு 1889இலும் வெள்ளைக்காரன் எழுதி வைத்த கட்டளைச் சட்டங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் அகப்படுவது பெரும்பாலும் பெண்தான். அவளிடம் போனவர்களின் பெயரை எந்த ஒலிபெருக்கியிலும் நான் கேட்டதில்லை. உன் மகனைப் பிடித்த பிரிவும் அதே கைகள் 1883இல் எழுதியதே. நம் மார்க்கமோ நான்கு கண்கண்ட சாட்சிகளைக் கேட்கிறது. ஊருக்கு ஒரு ஜன்னல் போதும். நீ இவற்றில் எதன் பக்கம் நிற்கிறாய் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

நேற்றுச் சிறைச்சாலைக்குப் போய் ஹாதிக்கைப் பார்த்தேன். உன் யோசனையை மறைக்காமல் சொன்னேன். சிரித்தான்.

"மாமி, நாங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போன. கிசோக்க உள்ள வுட்டுட்டு நான் மட்டும் வெளிய வந்து என்ன செய்யிற? வாப்பாக்கிட்டச் சொல்லுங்க, எனக்காக ஆரும் பொய் சொல்ல வேணாம். சும்மா வந்து நிண்டாப் போதும்."

மெலிந்திருக்கிறான். பயமும் இருக்கிறது, அதை அவன் ஒளிக்கவில்லை. ஆயினும் அந்த இடத்தில் நிமிர்ந்து நின்று கதைத்தவனை நான் மதிக்கிறேன். உன்னிடமிருந்து வந்த குணமல்ல அது.

இருவருக்காகவும் நானே ஆஜராகப் போகிறேன். வழக்காடும் சட்டத்தரணி பிணை நிற்க முடியாது. ஆகவே என் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்டு வந்துவிடாதே. நாச்சியாவிடம் கதைக்க வேண்டுமானால் நீயே போ. அவள் பெயரை ஊர் முழுக்கச் சொன்ன சபையின் தலைவனுக்கு அவள் வாசலில் நின்று ஒரு முறை சொல்வது கடினமாக இராது.

ஸுஹைறா

*

மருதமுனை
06.07.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

போனேன். உங்கள் ஏளனத்தை இன்னும் கொஞ்சம் சேமித்து வையுங்கள். இந்தக் கடிதத்தின் முடிவில் அது தேவைப்படும்.

வாவிப் பக்கமாக, தாய் அவள் பெயருக்கு எழுதிவைத்த வீடு. அவள் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள். கதிரையைத் துடைத்தாள்.

"இருங்க தலைவர். கதிரைல பாவம் ஒண்டும் ஒட்டிக்கிட்டு இல்ல, இப்பதான் தொடச்ச."

இருந்தேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் இடியப்பத் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த வேலய வுட்டுக் கனகாலம், தலைவர். ஊருதான் இன்னம் வுடல்ல," என்றாள். "சரி, அத வுடுங்க. புள்ள ஒங்கட எண்டு தெரியும். உம்மா ஆரு?"

"ஜெஸீமா."

"எந்த ஜெஸீமா? பழைய மார்க்கட் ரோட்டு ஜெஸீமாவா? முத்தாச்சி குடி?"

ஓம் என்றேன். ராத்தா, அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாளே, அந்தச் சிரிப்பை என் எதிரிக்கும் அல்லாஹ் கேட்கத் தர வேண்டாம்.

"அல்லாவே! நானும் முத்தாச்சி குடிதானே! ஜெஸீமா எனக்கு ராத்தா முறை. அவட மகன் எனக்கும் மகன். பெத்த புள்ள மாதிரி உள்ளவனோட படுத்தன் எண்டு கோட்டுல போய்ச் சொல்லச் சொல்றீங்களா தலைவர்? ஒரு பாவத்த மூட இதயா கொண்டு வந்திரிக்கிங்க?"

நீங்கள் சட்டக்காரி, உங்களுக்கு இது சிறியதாகத் தெரியலாம். நம் கரையில் அப்படியல்ல. தாய்வழியில் ஒரே குடியில் பிறந்தவர்கள் உடன்பிறப்புகள்; அவர்களுக்குள் கலியாணம் இல்லை; தாயின் தங்கையான சாச்சியென்றால் உம்மாதான். பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் பிரதிநிதியாக ஒரு மரைக்காயரை வைத்திருக்கிறோம். இரு வீட்டார் பேச வந்தால் பெண்ணின் குடி என்ன, மாப்பிள்ளையின் குடி என்ன என்று முதலில் கேட்பவன் நான். அந்த நான் இதைக் கேட்கவில்லை. அவளை விலக்கிய நாளிலிருந்து அவள் குடியார் கந்தூரிச் சோற்றில் அவளுக்குப் பங்கு அனுப்புவதில்லை. கலியாணத்துக்கும் மௌத்துக்கும் அழைப்பதில்லை. அவள் எந்தக் குடி என்பது எனக்கு மறந்துபோகவில்லை, ராத்தா. அவளுக்கு ஒரு குடி இருக்கிறது என்பதே என் நினைவில் இல்லை.

நான் எழுந்தேன். அவள் வாசல் வரை வந்தாள்.

"புள்ளைக்கி ஆராவது சாப்பாடு கொண்டு குடுத்தயா?" என்று கேட்டாள்.

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"அந்த மத்தப் புள்ளைக்கி?"

படி இறங்கி நடந்தேன்.

இப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பாவம் பாவம்தான். அதில் நான் இம்மியும் அசையவில்லை. ஆனால் பன்னிரண்டாந் திகதி வந்துகொண்டிருக்கிறது.

மீராசாஹிபு

*

சாய்ந்தமருது
08.07.2024

தம்பி மீராசாஹிபு,

சேமித்து வைத்த ஏளனத்தை எடுத்துப் பார்த்தேன். செலவழிக்க மனம் வரவில்லை. அவளுக்கு ஒரு குடி இருக்கிறது என்பதே நினைவில் இல்லை என்று நீ எழுதிய அந்த ஒரு வரி, நான் எழுதக்கூடிய எதையும்விடக் கூர்மையாக இருந்தது.

நேற்று நாச்சியா என் வீட்டுக்கு வந்தாள். பையில் இடியப்பமும் சொதியும். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்பத்தாறு வயது, உரத்த குரல், பார்வையைத் தாழ்த்தும் பழக்கம் அறவே இல்லை. வழக்கறிஞர் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தான் சொல்ல வந்ததை இவ்வளவு நேராகச் சொன்னவர்கள் சிலரே.

"மாமி, எனக்கு ஒரு விசயம் தெரியோணும். முந்தி தண்டம் கட்டின பொம்புள பிணை நிக்கேலுமா?"

நிற்கலாம் என்றேன். நீதிமன்றம் பார்ப்பது உன் பெயரில் வீடு உண்டா, நீ ஓடிப்போகாமல் இருப்பாயா என்பதைத்தான். பழைய தண்டத்தைப் பொலிஸ் தோண்டி எடுக்கும், அதற்கு ஆயத்தமாக இரு என்றேன்.

"தோண்டட்டும். பொதைச்சி வெச்ச சாமானா அது? ஊரே எடுத்து விளையாடின."

ஹாதிக்குக்கா நிற்கப் போகிறாய் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவனுக்குப் பெத்த உம்மா இரிக்கா மாமி. அவ இரிக்கக்குள்ள நான் நிண்டா அவக்கி மரியாதயா? நான் மத்தப் புள்ளைக்கி நிக்கிறன்."

கிசோக்கின் தாய் செல்லத்தங்கத்தை நான் போய்ப் பார்த்திருந்தேன். கைம்பெண். நம்மைப்போல அவர்களும் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள். மகளின் புருஷன் உறுதியைத் தர மறுத்துவிட்டான். அந்தத் தாயிடம் இருப்பது கண்ணீர் மட்டுமே. அதை நீதிமன்றம் ஏற்பதில்லை. இவற்றையெல்லாம் நாச்சியா என்னிடமிருந்து கேட்டு அறிந்துகொண்டு, இன்று காலையே கிராம உத்தியோகத்தரிடம் போய்ச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். விண்ணப்பத்தைப் பார்த்து அவர் பல்லைக் காட்டினாராம். "சிரிச்சி முடிச்சிட்டு சீலக் குத்துங்க ஐயா, எனக்கு அவசரமில்ல," என்று அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாளாம். அவர் உடனே குத்திக் கொடுத்திருக்கிறார்.

யாரென்றே அறியாத, வேறு சமூகத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருவனுக்காக, ஊர் தனக்கு விட்டுவைத்த ஒரே சொத்தை எடுத்துக்கொண்டு அந்த நீதிமன்றத்துக்குப் போகப்போகிறாள். தண்டம் கட்டிய அதே நீதிமன்றம், நினைவிருக்கட்டும். நான் யாரையும் எளிதில் வியப்பவள் அல்ல. என்னிடம் தொழில் பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இவளை வியக்கிறேன்.

இனி உன் பங்கு. ஜெஸீமாவுக்கு நீ இன்னும் சொல்லவில்லை. ஹாதிக்கைப் பிணை எடுக்கத் தேவையான வீட்டு உறுதி உன்னிடமில்லை. நீ வசிப்பது உன் மனைவியின் வீட்டில். நம் கரையில் ஆண்கள் அதை இலேசாக மறந்துவிடுகிறீர்கள். வியாழக்கிழமைக்குள் நீ அவளிடம் சொல். இல்லையேல் வெள்ளி காலை நான் வந்து சொல்வேன். உன்னளவு சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

பாவத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதை மார்க்கத்தில் ஆகுமானது என்று சொல்லும்படி நான் உன்னிடம் கேட்கவில்லை. நான் கேட்பது ஒரு கையொப்பம், அதுவும் உன்னுடையதல்ல.

ஸுஹைறா

*

மருதமுனை
11.07.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

சொல்லிவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை. பிறகு கையைக் கழுவினாள்.

"கொழும்பில எண்டு சொன்னீங்க. நானும் ஒவ்வொரு நாளும் அவன்ட போனுக்கு அடிச்சி அடிச்சி, பயிற்சில இரிக்கான் எண்டு நெனச்சிக்கிட்டு இருந்தன். புள்ள மறியல்ல இருந்திரிக்கான்."

ஊரைப் பற்றிச் சொன்னேன். சபையைப் பற்றிச் சொன்னேன். நாளை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சபை கூடப்போகிறது, தலைவன் மகனுடைய வழக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நீ நீதிமன்றத்துக்குப் போனால் என் நிலை என்னாகும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பள்ளிக்கி வேற தலைவர் கிடைப்பாங்க. என்ட புள்ளைக்கி வேற வாப்பா கிடைக்காது," என்றாள். அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துப் பையில் போட்டாள். முப்பது ஆண்டில் அந்த அலுமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அத்தோடு நின்றாளா? முக்காட்டைப் போட்டுக்கொண்டு பர்ஸானின் வண்டியில் ஏறிச் சாய்ந்தமருதுக்கு வந்திருக்கிறாள். றுமானாவின் தாயைக் கண்டு, "இந்தக் கலியாணம் ஒங்கட மகளுக்கு அநியாயம். வீட்டுக் கூரைய நிப்பாட்டாதீங்க, மாப்பிளய மட்டும் மாத்துங்க," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்தத் தாய் இவளைத் திட்டவில்லையாம். கட்டிப்பிடித்து அழுதாளாம். இவ்வளவு நாளும் அந்த வீட்டின் கூரையைப் பற்றியே யோசித்த நான், அதனடியில் ஒரு பெண்பிள்ளை எப்படி வாழப்போகிறாள் என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை.

நாளை ஜெஸீமா நாச்சியாவைப் போகும் வழியில் ஏற்றிக்கொள்வாள். நான் வரவில்லை. ஜும்ஆவை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் நிற்க என்னால் முடியாது என்று அவளிடம் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு ஜும்ஆ நடப்பதில்லை என்று அவள் சொன்னாள்.

மீராசாஹிபு

*

சாய்ந்தமருது
12.07.2024

தம்பி மீராசாஹிபு,

நீ வரவில்லை. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாரும் உனக்கு இதைச் சரியாகச் சொல்லப் போவதில்லை.

நீதவான் ஓர் இளம் பெண். பிள்ளைகள் இருவரையும் வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொலிஸ் முதலில் கேட்டது. என்ன பரிசோதனை என்று நீ கேட்காதே; உன் மகனுக்கு அதை யாரும் செய்ய நீ விரும்பமாட்டாய். இரு பெரியவர்கள் பூட்டிய அறைக்குள் இருந்தார்கள் என்பதைத் தவிர உங்களிடம் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். இந்தப் பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றமே சென்ற ஆண்டு சொல்லிவிட்டது. பாராளுமன்றம்தான் இன்னும் கை தூக்கவில்லை என்பதையும் நினைவூட்டினேன். நீதவான் எழுதிக்கொண்டார். பரிசோதனை வேண்டுகோளை நிராகரித்தார்.

பின்னர் பிணை. ஜெஸீமா முன்னே வந்தாள். உறுதியை நீட்டிக் கையொப்பமிட்டாள். ஹாதிக்கை அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்தான். அவள் அவனுக்குக் கேட்கும்படியாக, "தலயத் தூக்கு மனே," என்றாள். நீதிமன்றத்தில் சத்தம் போடக் கூடாது என்று அலுவலர் எச்சரித்தார். அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். மகனிடம் சொன்னதை மீளப் பெறவில்லை.

நாச்சியாவின் பெயர் அழைக்கப்பட்டதும் பின் வரிசை வாங்குகளில் ஒரு முனகல். பொலிஸ் அதிகாரி எழுந்தார். இந்தப் பெண் ஒழுக்கக்கேட்டுக்காக இதே நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர், பிணையாளியாகத் தகுதியற்றவர் என்றார். நான் எழுமுன்பே நாச்சியா வாய் திறந்துவிட்டாள்.

"ஓம், அம்மா. தண்டம் கட்டின. கட்டி முடிச்ச. பாக்கி ஒண்டும் இல்ல."

யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. இரண்டாம் சந்தேகநபர் உமக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"உறவில்ல, அம்மா. என்ட மகன்ட கூட்டாளி."

உங்கள் மகன் யார் என்று நீதவான் கேட்க, அவள் ஹாதிக்கைக் காட்டினாள். நீதவான் ஆவணங்களைப் புரட்டினார். முதலாம் சந்தேகநபரின் தாய் இப்போதுதான் கையொப்பமிட்டுப் போனார் என்றார். ஜெஸீமா இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள்.

"ஓம், அம்மா. அவவும் தாய்தான். எனக்குத் தங்கச்சி."

முப்பத்தெட்டு ஆண்டுகள் நீதிமன்றங்களில் நின்றிருக்கிறேன். வாதத்தால் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. 'தங்கச்சி' என்ற ஒரு சொல் ஒரு பிணையை முடித்துவைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. நீதவான் பேனையை எடுத்துப் பிணையை அங்கீகரித்தார். வழக்கு செப்டெம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. சட்டமா அதிபரின் ஆலோசனை கேட்கப்படும். முடிந்துவிடவில்லை. ஆனால் பிள்ளைகள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒன்றாகவே.

ஹாதிக் என்னோடு இருக்கிறான். உன் வீட்டுக்கு வர அவனுக்குத் தயக்கம். கிசோக்கைத் தாய் அழைத்துப் போய்விட்டாள். போகுமுன் செல்லத்தங்கம் நாச்சியாவின் கையைப் பிடித்து விடவே இல்லை. "அழாதீங்க அக்கா, கோட்டுக்குள்ள தண்ணி வுட்டா அதுக்கும் வழக்குப் போடுவானுகள்," என்று நாச்சியா சொல்ல, அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

உன்னைக் குற்றம் சொல்ல இன்று எனக்கு நேரமில்லை.

ஸுஹைறா

*

மருதமுனை
15.07.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வெள்ளிக்கிழமை நடந்ததை நானும் சொல்ல வேண்டும். சபை கூடியது. ஹாதிக்கையும் நாச்சியாவையும் ஒரே அறிவித்தலில் பெயர் சொல்லி விலக்க வேண்டும் என்று செயலாளர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒலிபெருக்கியில் வாசிக்கத் தலைவரின் சம்மதம் வேண்டும். தாளை என் முன்னால் வைத்தார்கள்.

"ஆரு கண்டது?" என்று கேட்டேன்.

"ஊரே கதைக்கிது தலைவர்."

"கதச்சவங்கள்ள நாலு பேரக் கூட்டிக்கிட்டு வாங்க. கண்ணால கண்டவங்க."

"பொலிஸ் புடிச்சதே!"

"பொலிஸ் கதவத் தட்டிக்கிட்டு உள்ள போன. கண்டது ரெண்டு பேரயும் ரெண்டு தேத்தண்ணிக் கோப்பையயும்."

"அப்ப ஒங்கட மகன் ஒண்டும் செய்யல்ல எண்டு சொல்றீங்களா?"

"நான் அதச் சொல்லல்ல. நாங்க காணல்ல எண்டு சொல்றன். காணாததச் சொல்றவனுக்கு மார்க்கத்தில என்ன தண்டனை எண்டு நீங்க எனக்குப் படிச்சித் தர வேணாம்."

அப்போது ஒருவர் கேட்டார், பின்னாலிருந்து, மெதுவாக. "நாச்சியாட விசயத்தில நீங்க சாட்சி கேக்கல்லியே, தலைவர்?"

கேட்கவில்லை என்றேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சத்தம் எழுந்தது. இப்போது நான் தலைவன் அல்ல. இராஜினாமாவா நீக்கமா என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. அறிவித்தல் வாசிக்கப்படவில்லை. இனி வாசிப்பார்களோ என்னவோ, அன்று வாசிக்கவில்லை.

நீங்கள் மகிழ வேண்டாம். ஹாதிக்கின் வாழ்க்கை சரியென்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இரவும் பகலும் அவனுக்காகத் துஆக் கேட்கிறேன். என்ன கேட்பது என்றுதான் விளங்கவில்லை. அவன் என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா?

மீராசாஹிபு

*

சாய்ந்தமருது
17.07.2024

தம்பி மீராசாஹிபு,

மகிழவில்லை. ஆனால் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன்னுடைய எந்தக் கடிதத்துக்கும் நான் அந்த மரியாதையைச் செய்ததில்லை.

நீ எனக்கு எதிராக மறுப்பெழுதிய அதே மார்க்கத்தை எடுத்து, அதன் மிகக் கடினமான நிபந்தனையை உன் சொந்தச் சபையின் முன் வைத்திருக்கிறாய். நான் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்ததைவிட அது கனமான காரியம். எனக்கு இழக்க நாற்காலி எதுவும் இருக்கவில்லை. நீ நினைப்பதில் பாதி தவறு என்று இன்றும் நினைக்கிறேன். மற்றப் பாதிக்காக உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். இதைச் சொல்ல எனக்கு அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின, நீ பிறந்ததிலிருந்து.

ஹாதிக் உன்னைப் பற்றிக் கேட்டானா என்று கேட்கிறாய். சபையில் நடந்ததைப் பர்ஸான் வந்து சொன்னபோது அவன் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். "வாப்பாவா? எங்கட வாப்பாவா?" என்று கேட்டான். எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் கடல் பக்கமாக நின்றான். திரும்பி வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். கேட்டதும் சொன்னதும் அவ்வளவுதான்.

அவன் அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்புகிறான். கிசோக்கும் அதே பஸ்ஸில் போகிறான். உன் மகன் என்ன நினைக்கிறான், உன்னை மன்னித்தானா, நீ அவனை மன்னிக்க வேண்டுமா என்பதையெல்லாம் என் மூலமாக விசாரிப்பதை நிறுத்து. நான் தரகர் அல்ல. நாச்சியாவிடம் நீயே போ என்று முதற் கடிதத்தில் எழுதியதும் அதனால்தான். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

அவனுக்கு எழுது. ஸலாம் சொல்லித் தொடங்கு. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், அங்கேயே நிறுத்தி அனுப்பிவிடு.

ஸுஹைறா